வைஹெகே தீவில் ஒரு நாள்: காலையில் நடை, நண்பகலில் ஒயின், மாலையில் மணல்

மட்டியாட்டியா படகுத்துறையில் படகு அணைந்ததும், வந்த கூட்டம் முழுவதும் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி விரையும். முதன்முறை வந்தவர்களும் எங்கே இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பின்னாலேயே ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். ஓரமாக நின்று ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பிறகு கரையை ஒட்டித் தெற்குப் பக்கமாக நடக்கத் தொடங்குங்கள். பத்தே நிமிடத்தில் கூட்டமும் பஸ் சத்தமும் ஓய்ந்துவிடும். அலையும் பறவையும் மட்டும் கேட்கும்.

ஆக்லாந்துக்கு வரும் உறவினர்கள், நண்பர்கள் என்று பலரை இந்தத் தீவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். நான்கு திராட்சைத் தோட்டம், மூன்று கடற்கரை, ஒரு சந்தை என்று பட்டியல் போட்டுக்கொண்டு போன நாள்கள் எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே கழிந்தன. ஒரு நடை, ஒரு தோட்டம், ஒரு கடற்கரை என்று போன நாள்களைப் பற்றித்தான் வந்தவர்கள் இன்றும் தொலைபேசியில் பேசுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி அந்த மூன்றுக்கு மட்டும்தான். அவற்றின் வரிசையும் முக்கியம்: நடை முதலில், சாப்பாடும் ஒயினும் நடுவில், மணல் கடைசியில்.

தீவைப் பற்றிக் கொஞ்சம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குக் கிழக்கே, ஹவுராக்கி வளைகுடாவில் இருக்கிறது வைஹெகே. பரப்பு சுமார் 92 சதுர கிலோமீட்டர். அந்த வளைகுடாவில் கிரேட் பாரியர் தீவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. மக்கள் அதிகம் வாழ்வது இங்கேதான். நிரந்தரமாக ஒன்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். கோடையில் அந்த எண்ணிக்கை பல மடங்காகப் பெருகிவிடும்.

'வை' என்றால் மாவோரி மொழியில் நீர். வழிந்திறங்கும் நீர் என்று பொருள்படும் பெயர். ஆனால் இந்தத் தீவில் வீடுகளுக்குக் குழாய்வழி ஊர்க் குடிநீர் கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள். கோடை நீண்டால் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழிப்பறையிலும் உணவகத்திலும் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள்.

தீவின் மண்ணுக்குரியவர்கள் ஙாட்டி பாவோவா என்னும் மாவோரி மக்கள். 'ங' என்ற எழுத்தைப் பள்ளியில் எழுதிப் பழகியதோடு சரி, அதில் தொடங்கும் சொல்லைத் தமிழில் தேட வேண்டும். மாவோரி மொழியிலோ அது சொல்லுக்கு முதலில் இயல்பாக வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் அந்த ஒலி நம் நாக்கில் எளிதாக உட்காரும். ஊர்ப் பெயர்களைச் சரியாகச் சொல்ல முயலுங்கள். அங்கே அது மரியாதையாகக் கொள்ளப்படும்.

எப்போது போவது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. டிசம்பரில் கரையோரத்து பொஹுடுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி பாதி வரை படகிலும் பஸ்ஸிலும் நிற்க இடம் இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும். சில தோட்டங்கள் வாரத்தில் சில நாள்கள்தான் திறந்திருக்கும்.

என்னைக் கேட்டால் மார்ச் மாதத்தின் ஒரு வார நாள். கடல் நீர் அப்போதும் வெதுவெதுப்பு குறையாமல் இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், கொடிகளில் பழம் தொங்கும். பறவைகள் கொத்தாதிருக்கக் கொடி வரிசைகள் முழுவதற்கும் வெள்ளை வலை போர்த்தியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் வேட்டி உலர்த்தியதுபோல் இருக்கும். மார்ச்சும் ஏப்ரலும்தான் பொதுவாக அறுவடைக் காலம்.

சனிக்கிழமை போவதானால் ஒரு லாபம் உண்டு: ஒஸ்டெண்டில் காலையில் சந்தை கூடும். தேன், ஜாம், காய், கைவினைப் பொருள் எல்லாம் உள்ளூர்க்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள். சந்தைக்குப் போனால் காலை நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டையும் முழுமையாகச் செய்ய முயலாதீர்கள்.

முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

முதல் வேலை, நடை முடியும் மேட்டில் இருக்கும் மட்பிரிக், கேபிள் பே தோட்டங்களில் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்வது. நாளின் மற்ற நேரங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் அமைகின்றன. நண்பகல் பன்னிரண்டரை மணிக்குப் பதிவு செய்யுங்கள். ஒயின் சுவைத்துப் பார்ப்பதற்கும் பல தோட்டங்களில் முன்பதிவு வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக அதே இடத்தில் வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. சைவம் என்றால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அசைவ வாசமே ஆகாது, முட்டை கூடாது, சீஸில் விலங்கிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் விவரமாக எழுதினால் பொறுமையாகப் பதில் தருவார்கள். போய் மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் சாலட்தான் வரும்.

பொது விடுமுறை நாள்களில் உணவகங்கள் பில்லில் கூடுதல் கட்டணம் சேர்ப்பது வழக்கம். 15 சதவீதம் என்பது பரவலாகக் காணும் அளவு. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இந்த நாட்டில் இல்லை.

இரண்டாவது, அடையாள அட்டை. மது வாங்கும் வயது 18. இளமையாகத் தெரிந்தால் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகள் பாஸ்போர்ட்டையே எடுத்துவர வேண்டும்; இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை வயதுச் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது, பை. தொப்பி, வெயில் களிம்பு, தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, ஒரு துண்டு. களிம்பைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். சென்னை வெயிலையும் யாழ்ப்பாணத்து வெயிலையும் பார்த்த உடம்பு என்று அலட்சியம் செய்யாதீர்கள். இங்கே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சூடு தெரியாது, புற ஊதாக் கதிரோ கடுமையானது. நம் நிறத்துத் தோலும் கருகி உரியும். என் தோள் இரண்டு முறை உரிந்திருக்கிறது.

ஷூவை முந்தைய இரவே கழுவிவிடுங்கள். வேர்வழி பரவும் நோய் ஒன்று நியூசிலாந்தின் பெருமரமான கவுரியைக் கொன்றுவருகிறது. ஒட்டிய மண்ணோடுதான் அது காடுவிட்டுக் காடு போகிறது. காட்டுப் பாதைகளின் வாயிலில் தூரிகையும் மருந்துத் தெளிப்பானும் வைத்திருந்தால் அங்கே மறுபடி ஒருமுறை தேய்த்துத் தெளித்துவிட்டு நுழையுங்கள். பையின் மூலைகளையும் தட்டிப் பாருங்கள். எறும்பு, பல்லி, சுண்டெலி எதுவும் உங்களோடு தீவுக்குப் போய்விடக் கூடாது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீவை ஸ்டோட் எனப்படும் கீரி போன்ற வேட்டைப் பிராணிகளும் எலிகளும் இல்லாத இடமாக்க உள்ளூர் மக்கள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

படகு

நகரத்தின் நடுவில், குவீன் தெரு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது படகுத்துறை. அங்கிருந்து மட்டியாட்டியாவுக்கு சுமார் 40 நிமிடம். ஒன்பது மணிக்குள் கிளம்பும் படகைப் பிடியுங்கள். கார் ஏற்றும் படகு வேறு. அது ஹாஃப் மூன் பேயிலிருந்து கிளம்பித் தீவின் கென்னடி பாயிண்டில் கொண்டுபோய் விடும். ஒரு நாள் பயணத்துக்குக் கார் வேண்டாம் என்பேன். செலவு அதிகம் என்பது ஒன்று. அன்று முழுவதும் குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஒயினைத் தொடாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

மேல்தளத்தில் இடப்பக்கம் உட்காருங்கள். டெவன்போர்ட் குன்று கடந்ததும் ரங்கிடோட்டோ தெரியும். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள்ளிருந்து வெடித்தெழுந்த எரிமலை, உயரம் 260 மீட்டர். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே சாய்வு. கவிழ்த்துவைத்த அகலமான வாணலி போன்ற வடிவம். வலப்பக்கம் உட்கார்ந்தால் பிரவுன்ஸ் தீவு தெரியும், ஆனால் ரங்கிடோட்டோவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

தீவுப் பஸ்ஸுக்கு ஆக்லாந்தின் பயண அட்டையே செல்லும். நகரத்திலேயே பணம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையை நம்பி இறங்காதீர்கள்.

நடை

டே ஆரா ஹுரா என்பது தீவைச் சுற்றிச் செல்லும் நடைபாதை. மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். அதன் ஒரு சிறு துண்டுதான் நமக்குத் தேவை: மட்டியாட்டியாவிலிருந்து தென்மேற்கு முனையைச் சுற்றி, சர்ச் பே வழியாக, திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் மேட்டுக்கு. நின்று நிதானித்துப் போனால் இரண்டரை மணி நேரம் ஆகும். வழிகாட்டிக் கம்பங்கள் உண்டு; வழி தவறாது.

எளிதான நடை என்று சொல்ல மாட்டேன். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். களிமண் தரை, முந்தைய நாள் மழை பெய்திருந்தால் வழுக்கும். சாதாரணச் செருப்பு கூடாது. பாதை சில இடங்களில் தனியார் நிலத்தை ஒட்டிச் செல்கிறது. பாதையை விட்டு விலகாதீர்கள், நீங்கள் திறந்த வாயிற்கதவை மூடிவிட்டுச் செல்லுங்கள்.

முதல் அரை மணி நேரம் மேய்ச்சல் புல்லும் கடலும். பிறகு மானுகா, கானுகா என்ற நாட்டு மரங்கள் அடர்ந்த நிழல். ஒரு காலத்தில் ஆடு மாடு மேய்ந்த சரிவுகளில் மீண்டும் நாட்டு மரங்களை நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் பேச்சை நிறுத்துங்கள். டூயி என்ற பறவை கட்டாயம் குரல் கொடுக்கும். கறுப்பென்று தோன்றும், வெயிலில் திரும்பினால் மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் தெரியும். தொண்டையில் வெள்ளைப் பஞ்சு உருண்டைபோல் ஒரு சிறு குஞ்சம். அது பாடும் விதம்தான் வியப்பு: முதலில் கோயில் மணியை விரல் நகத்தால் தட்டியதுபோல் தெளிவாக ஒரு நாதம், உடனே துருப்பிடித்த கதவு கீல் போல ஒரு கரகரப்பு, பிறகு ஒரு சொடுக்கு, மறுபடி மணி. முதன்முறை கேட்டபோது இரண்டு பறவைகள் என்று நினைத்து, கிளைகளில் இன்னொன்றைத் தேடிக்கொண்டே நின்றேன். ஹராகெகே என்ற நாட்டுச் செடியின் நீண்ட பூந்தண்டில் தலைகீழாகத் தொங்கித் தேன் உறிஞ்சும். அப்போது கிட்டப் போகலாம், பறக்காது.

பெரிய சிறகோசையோடு தலைக்கு மேல் ஏதாவது கடந்தால் அது கெரெரூ, இந்த நாட்டுக் காட்டுப்புறா. நம் புறாவை ஒன்றரை மடங்காக்கி வெள்ளை மார்ச்சட்டை அணிவித்ததுபோல் இருக்கும்.

சர்ச் பே தாண்டியதும் ஏற்றம். மூச்சு வாங்கும். மேலே வந்து திரும்பிப் பார்த்தால் கடலுக்கு அப்பால் ஆக்லாந்து நகரமும் 328 மீட்டர் உயர ஸ்கை டவரும் சின்னஞ்சிறு ஊசியாகத் தெரியும். மட்பிரிக், கேபிள் பே என்ற இரண்டு தோட்டங்கள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் முந்தைய நாள் பதிவு செய்திருப்பீர்கள்.

ஒயினைச் சுவைப்பது எப்படி

கதை 1978இல் தொடங்குகிறது. கிம், ஜெனெட் கோல்ட்வாட்டர் தம்பதி புட்டிக்கி விரிகுடாவின் மேல் சரிவில் கொடிகளை நட்டார்கள். 1982இல் ஓனெடாங்கி பக்கம் ஸ்டோனிரிட்ஜ் தோட்டம் நடப்பட்டது. அதன் லரோஸ் என்ற சிவப்பு ஒயின்தான் தீவின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. கோல்ட்வாட்டர் தோட்டம் 2011இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, ஒயின் அறிவியல் மாணவர்களின் பயிற்சிக் களமானது.

தீவு ஆக்லாந்து நகரைவிடச் சற்று வெப்பம், சற்று வறட்சி. மண்ணோ சிதைந்த பாறையின் மேல் படிந்த களிமண், அதிக வளமில்லாதது. வளமான மண்ணில் கொடி இலையாகத் தழைத்துவிடும். இங்கே கொடி தவித்துத் தவித்துச் சிறிய பழம் காய்க்கிறது. சிறிய பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. அதனால்தான் கபர்னே, மெர்லோ, மால்பெக் என்ற திராட்சை வகைகளின் கலவைகளும் சிரா என்ற ஒற்றை வகையும் இந்தத் தீவில் பேர்பெற்றன.

சுவைத்துப் பார்க்கும் மேசையில் நான்கைந்து கோப்பைகளில் ஒவ்வொரு விரற்கடை அளவு ஊற்றுவார்கள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். இப்படிச் செய்யுங்கள்:

1. கோப்பையைத் தண்டைப் பிடித்து எடுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். இளம் சிராவில் விளிம்பு கத்தரிக்காய் ஊதா. வயதானதில் செங்கல் நிறம்.

2. சுழற்றுவதற்கு முன் ஒருமுறை, சுழற்றிய பிறகு ஒருமுறை முகருங்கள். பரிமாறுபவர் சொல்லும் பழங்களின் பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவை. அவற்றைத் தேடித் தவிக்க வேண்டாம். உங்கள் சமையலறையில் தேடுங்கள். தீவுச் சிராவில் எனக்கு முதலில் வருவது அப்போதே இடித்த மிளகு. அதற்கடியில் நாவல் பழம். ஒரு முறை எங்கள் பெரியம்மா கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, குடிக்காமலே, "ரசப்பொடி டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கிறது" என்றார். பரிமாறிய பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிராவில் மிளகு வாசம் தரும் சேர்மமும் உண்மையான மிளகில் இருக்கும் சேர்மமும் ஒன்றேதான் என்று அவர் விளக்கியபோது பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

3. ஒரு மிடறு. நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள், அல்லது மேசையில் உள்ள பாத்திரத்தில் உமிழுங்கள். உமிழ்வதை யாரும் அநாகரிகமாக நினைக்க மாட்டார்கள், அதற்காகத்தான் பாத்திரம்.

4. விழுங்கிய பின் பல் ஈறுகளைக் கவனியுங்கள். ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்ததுபோல் உலர்கிறதா? அதுதான் துவர்ப்பு. அறுசுவையில் அதற்கு ஓர் இடம் கொடுத்த மொழி நம்முடையது. வாழைப்பூவும் மாதுளைத் தோலும் இளம் பாக்கும் நமக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. சிவப்பு ஒயினை முதன்முறை குடிப்பவர்கள் "கசக்கிறது" என்று ஒதுக்கிவிடுவார்கள். கசப்பு நாக்கில் இருக்கும், துவர்ப்பு ஈறுகளில் இருக்கும். இரண்டையும் பிரித்தறிந்துவிட்டால் சிவப்பு ஒயின் பாதி புரிந்துவிட்டது. ஒரு துண்டு ரொட்டியோ சீஸோ கடித்துவிட்டு அதே ஒயினைக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு மடங்கி, பழம் முன்னே வரும்.

அளவு பற்றி. இந்த நாட்டுக் கணக்கில் 10 கிராம் மதுசாரம் ஓர் அலகு. சாதாரண ஒயினில் 100 மில்லி ஏறத்தாழ ஓர் அலகு. ஐந்து சுவைப்புகளை முழுவதும் விழுங்கினாலே ஒன்றரை அலகு ஆகிவிடும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை என்றால் மூன்று. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரோ வாடகை ஸ்கூட்டரோ ஓட்டுபவர்களுக்கு: 20 வயது முதல் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், 20 வயதுக்குள் பூஜ்யம். வரம்புக்குள் இருக்கிறோமா என்று கணக்குப் போடுவதைவிட ஓட்டாமல் இருப்பது நல்லது. தீவுச் சாலைகள் குறுகல், வளைவு அதிகம்.

மது அருந்தாதவர்கள் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. தீவில் ஆலிவ் தோப்புகளும் உண்டு. ஆலிவ் எண்ணெயும் ரொட்டியும் பல மேசைகளில் கிடைக்கும். புதிதாகப் பிழிந்த எண்ணெய் தொண்டையில் லேசாகக் காரும். செக்கெண்ணெய் தெரிந்தவர்களுக்கு அந்தக் காரல்தான் தரத்தின் அடையாளம் என்று உடனே பிடிபடும்.

சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது

அசைவம் சாப்பிடுபவர்களானால் சிப்பி. தீவின் தென்கிழக்கே டே மாடுகு விரிகுடாவில் வளர்க்கிறார்கள். ஒஸ்டெண்டில் கடையும் இருக்கிறது, உணவகங்களிலும் கேட்கலாம். பச்சையாக, ஓட்டிலேயே வரும். எலுமிச்சை இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். ஓட்டைச் சாய்த்து நீரோடு வாயில் வாங்கி இரண்டு முறை மென்று விழுங்குங்கள். முதலில் கடல் உப்பு, பின்னால் இளநீர் வழுக்கையை நினைவூட்டும் ஓர் இனிப்பு. கர்ப்பிணிகளும் உடல்நலம் குன்றியவர்களும் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும்; அவர்களுக்குப் பொரித்தது கிடைக்கும்.

கடையில் வாங்கலாம், ஆனால் கடலில் நீங்களாகச் சேகரிக்கக் கூடாது. மட்டி, ஸ்காலப் என்ற சிப்பி வகை, கல் இறால், பாவுவா என்ற கடல் நத்தை ஆகியவை அருகிவிட்டதால் ஙாட்டி பாவோவா மக்கள் 2021 ஜனவரியில் தீவைச் சுற்றி ராஹுயி விதித்தார்கள். ராஹுயி என்பது இயற்கை மீண்டெழ மனிதர் கைவைக்காமல் விலகி நிற்கும் மரபுவழித் தடை. அரசும் அதைத் தொடர்ந்து சட்டப்படி தடை போட்டது. பாறையில் மட்டி கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பையை எடுக்கும் நம்மவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மதியத்துக்குப் பிறகு

தோட்டத்திலிருந்து ஓனெரோவா ஊருக்கு இறக்கம்தான்; இருபது நிமிட நடை. ஊர் என்றால் மேட்டின் மேல் ஒரே தெரு: புத்தகக் கடை, ஓவியக் கூடம், ஐஸ்கிரீம், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை. தெருவுக்குக் கீழே நீண்டு வளைந்த கடற்கரை. அதன் கிழக்குப் பக்கம் ஒரு பாறை முனையைத் தாண்டினால் சின்ன ஓனெரோவா. குழந்தைகள் விளையாட வசதி, அலை குறைவு, பெரிய மரங்களின் நிழல்.

ஒயின் குடித்தவர்கள் கடலில் நீந்தக் கூடாது. கணுக்கால் நனைய நிற்பதோடு சரி. நீந்தியே ஆக வேண்டும் என்பவர்கள் காலையில் நடையைச் சுருக்கி, சாப்பாட்டுக்கு முன்பே நீந்திவிட வேண்டும். மற்றவர்கள் துண்டை விரித்து ஒரு மணி நேரம் படுங்கள். இதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை. "இன்னும் ஓனெடாங்கி பார்க்கவில்லையே" என்று யாராவது எழுப்பினால் எழுந்திருக்காதீர்கள். அது தீவின் மறுபுறம், அடுத்த முறைக்கு இருக்கட்டும். கிழக்கு முனையில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கித் தளமும் சுரங்கங்களும் கொண்ட ஸ்டோனி பேட்டரும் அப்படியே. அங்கே பஸ் போகாது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும்.

பெரியவர்களோடு போனால்

முட்டிவலி உள்ள அம்மா அப்பாவை மேலே சொன்ன நடைக்கு இழுக்காதீர்கள். அவர்களுக்கு வேறு திட்டம்: மட்டியாட்டியாவில் நேரே பஸ் ஏறி ஓனெடாங்கி. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல், கரையை ஒட்டியே சாலையும் பெஞ்சுகளும். காலை பத்து மணிக்கு அங்கே உட்கார்ந்தால் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மதியத்துக்கு அதே பக்கத்தில் ஸ்டோனிரிட்ஜ், டே மோட்டு, டான்டலஸ் தோட்டங்கள் அருகருகே இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை எவ்வளவு தூரம், ஏற்றமா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாடகைக் கார்கள் தீவில் குறைவு. நினைத்த நேரத்தில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், காலையிலேயே திரும்பும் வண்டிக்கும் சொல்லிவையுங்கள்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோகும் புளியோதரை, தயிர்சாதத்தைக் கடற்கரையில் சாப்பிடலாம். தோட்டங்களுக்குள் வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. இலை, தாள், பாட்டில் எல்லாவற்றையும் அதே பையில் போட்டு ஆக்லாந்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். தீவில் விடும் குப்பையை அவர்களும் படகேற்றித்தான் அனுப்ப வேண்டும்.

திரும்பும் படகு

ஒரு கோடை ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிப் படகில் போய்விடலாம் என்று ஓனெரோவாவில் நாலே முக்காலுக்குப் பஸ்ஸுக்கு நின்றோம். முதல் பஸ் நிரம்பி வந்து நிற்காமலே போய்விட்டது. இரண்டாவதில் தொற்றிக்கொண்டு துறைக்கு வந்தால் வரிசை வாகன நிறுத்தம் வரை நீண்டிருந்தது. இரண்டு படகுகள் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பின. கைக்குழந்தை அழுதது, மாமாவுக்கு மாத்திரை நேரம் தவறியது, அந்த இனிய நாளின் கடைசி ஒன்றரை மணி நேரம் கசந்து போனது.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. கோடை வார இறுதியில் மூன்றரை மணிக்கே திரும்பிவிடுவது. இல்லையேல் கூட்டம் ஓயும்வரை இருந்து, இரவுச் சாப்பாட்டையும் ஓனெரோவாவில் முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல் கிளம்புவது. கோடையில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். நான்கிலிருந்து ஆறரை வரை துறைப்பக்கமே போவதில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையில் இறங்கும்போதே அறிவிப்புப் பலகையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் அது மாறும்.

ஊரிலிருந்து துறைக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுதான், பெரும்பாலும் இறக்கம். பஸ் நிரம்பி வந்தால் தயங்காமல் நடந்துவிடுங்கள். அரை மணியில் வந்து சேரலாம். திரும்பும்போது ரங்கிடோட்டோ வலப்பக்கம் வரும். மேல்தளத்தில் காற்று நன்றாகக் குளிரும், காலையில் தேவைப்படாத அந்த மழைச்சட்டையை இப்போது எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.